காலண்டர் தாளில் எட்டுப் படிகள்

மிஸ்,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசையில் ஜெபமாலையை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அதே பெஞ்சில் ஆறு வருஷம், தோட்டத்திலிருந்து நேராக வந்து, சேறு காயாத செருப்போடும் எரு வாடை வீசும் சேலையோடும் உட்கார்ந்தவள் நான். அப்போதெல்லாம் நீங்கள் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள். "உங்க சாமி என்னை உள்ள விட்டாலும் இந்தச் சட்டையை விடாது டீச்சர். போய் எனக்கும் சேத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்பீர்கள்.

வாடை, ஜெபமாலையை ஒட்டிக் கிடந்த ஸ்பார்க் பிளக்கிலிருந்து வந்தது. உங்கள் புல் வெட்டும் மெஷினுடைய பிளக். கட்டைவிரல் அளவு, வெள்ளைப் பீங்கான் உடம்பு, நுனியில் கரி. முந்தின நாள்தான் உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், கொண்டுவந்து கொடுத்தார். இது இல்லாவிட்டால் மெஷினுக்குள் பொறி விழாது, பொறி விழாவிட்டால் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அது ஓடாது. முப்பத்து மூன்று வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு இது அறுபத்தேழு வயதில்தான் தெரிந்தது. பிளக் கைக்கு வந்தபோது பதினெட்டு நாள் பிந்திவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான். பாதியிலிருந்து ஆரம்பிக்க எனக்கு வராது. ஒரு படி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போது பார்த்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளியில், ஒரே ஸ்டாஃப் ரூமில், எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள். நான் தமிழ், நீங்கள் சயின்ஸ். இத்தனை வருஷத்தில் நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் எனக்கு மிஸ், நான் உங்களுக்கு டீச்சர். ரிடையர் ஆன அடுத்த மாதமே நீங்கள் போன் செய்தீர்கள். "ஆனேக்கல் தாண்டி எங்க வீட்டுக்காரருக்குப் பங்கா வந்த கால் ஏக்கர் சும்மா கெடக்கு. ஒரு ரூமும் போர்வெல்லும் இருக்கு. சனி ஞாயிறு வரீங்களா? வீட்ல உக்காந்து சீரியல் பாத்தா மூளை மழுங்கிப் போயிடும்."

பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் பிடித்து பொம்மனஹள்ளி வருவேன். ஒசூர் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்குப் பத்தடி தள்ளி, உங்கள் பழைய கார் நிற்கும். நீங்கள் சேலைமேல் அண்ணாவின் தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பீர்கள். நீல நிறம், இரண்டு பக்கமும் மூடி வைத்த பை. டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லி கெல்சா அம்மா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? எங்கே வேலை என்கிறார். "ரிடையர்டு ரீ. ஈக மாலீ கெல்சா" என்றீர்கள். இப்போது தோட்டக்காரி வேலை என்று. அந்த மனிதர் சல்யூட் அடித்தார்.

தோட்டத்தில் நாம் எதையும் பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே தானாகப் பிரிந்துவிட்டது. மண்ணைத் தொடும் வேலை எல்லாம் எனக்கு. நாற்று விடுவது, எருக்குழி கிளறுவது, தக்காளிக்குக் குச்சி கட்டுவது, கொய்யாவுக்குத் துணிப்பை மாட்டுவது. ஸ்விட்சும் திருகும் இருக்கும் வேலை எல்லாம் உங்களுக்கு. மோட்டார், சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் நான் ஸ்டவ்வில் டீ போடுவேன். நீங்கள் ஷெட்டுக்குள் போய்விடுவீர்கள். ஃபில்டரைக் கழற்றி வாளியில் முக்கிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பீர்கள். கத்தரிக்கோலைக் கல்லில் தீட்டுவீர்கள். புல் வெட்டும் மெஷினைக் குழந்தையைப் போல மடியில் சாய்த்துத் துடைப்பீர்கள். "செடி ஒரு வாரம் பாக்காட்டி மன்னிச்சிடும் டீச்சர். மெஷினு மன்னிக்காது. அதுக்கு மனசு கெடையாது" என்பீர்கள்.

நான் டீயோடு ஷெட் வாசலுக்கு வரும்போது உங்கள் வேலை முடிந்திருக்கும். உள்ளே என்ன செய்தீர்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அது உங்கள் வகுப்பு. ஒரு டீச்சர் பாடம் நடத்தும்போது இன்னொரு டீச்சர் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பழகிய உடம்பு இது.

போன வருஷம் ஏப்ரலில் உங்களுக்கு ஆபரேஷன் நடந்தது. மே மாதம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் தோட்டத்துக்கு வந்தீர்கள். கார் ஓட்ட முடியவில்லை. அண்ணா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பக்கத்துக் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவருக்குத் தோட்டம் என்றால் பாம்பு, கொசு, முதுகுவலி. நீங்கள் கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். சட்டை உங்கள்மேல் இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது.

"டீச்சர், இன்னிக்கி நீங்க இழுங்க."

"எதை?"

"மெஷினத்தான். நான் சொல்லச் சொல்ல நீங்க பண்ணுங்க. அரை மணி நேரப் பாடம்."

"அடுத்த வாரம் பாக்கலாம் மிஸ். இன்னிக்கி மிளகா நாத்தை எடுத்து நடணும்."

அடுத்த வாரமும் கேட்டீர்கள். எனக்குத் தோள் வலிப்பதாகச் சொன்னேன். மூன்றாம் வாரம், ஜூன் முதல் ஞாயிறு, கேட்கும்போதே சிரித்துவிட்டீர்கள்.

"அடுத்த வாரம் படிச்சிட்டு வரேன்னு சொல்ற பசங்கள கிளாஸ்ல என்னா பண்ணுவீங்க?"

"பெஞ்சு மேல ஏத்துவேன்."

"அப்ப ஏறுங்க. அதோ சிமெண்டுத் தொட்டி இருக்கு."

நானும் சிரித்தேன். ஆனால் மெஷின் பக்கம் போகவில்லை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நீங்களே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், மெஷினைத் தரையில் வைத்து ஒரே இழுப்பில் ஓடவைத்தீர்கள். புல்லெல்லாம் வெட்டவில்லை. இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினீர்கள். "அதுக்கும் அப்பப்ப மூச்சு விடணும்ல" என்றீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினீர்கள்.

ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வேறு ஊருக்குப் போகப்போகிற குடும்பம். டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், பேனாவில் மை இல்லை, கை வலிக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று ஒரு வாரம் ஓட்டினாள். கையெழுத்துப் போடாதவரை போகவேண்டாம் என்று அவள் கணக்கு. அவளை நான் கடிந்துகொண்டேன். அந்தக் கயிற்றை நான் இழுத்துப் பழகினால், இனி இழுக்க நீங்கள் வரமாட்டீர்கள் என்பதற்குச் சம்மதம் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். அவளைவிட ஐம்பது வயது மூத்தவள், அதே கணக்கைப் போட்டேன்.

நான்காம் வாரம் நீங்கள் வரவில்லை. ஜூலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதி என் கையில் கொடுத்தீர்கள். எட்டுப் படிகள். பெட்ரோலில் ஆயில் எந்த அளவு கலப்பது, ரப்பர் குமிழை எத்தனை முறை அமுக்குவது, சோக்கை எப்போது மூடுவது, மெஷினை எங்கே மிதித்துக்கொண்டு கயிற்றை இழுப்பது, இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்ததும் எதைத் திறப்பது. டிரிப்ஸ் ஊசி குத்திய கையில் எழுதியும் போர்டில் எழுதுவதைப் போலவே வரி நேராக இருந்தது. "இதை வெச்சிக்கிட்டு அஞ்சாங் கிளாஸ் பொண்ணு ஸ்டார்ட் பண்ணிடுவா. நீங்க பண்ண மாட்டீங்களா?" என்றீர்கள். இந்த முறை நான் அடுத்த வாரம் என்று சொல்லவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டேன். ஆகஸ்டில் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணா என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு அந்தத் தோட்டத்தைப் பாக்கத் தெம்பு இல்ல டீச்சர். பக்கத்துல ரோஜா போட்டிருக்கிறவரு குத்தகைக்குக் கேக்கறாரு. பத்து வருஷத்துக்கு. மரத்தையெல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் கூடாரம் போடுவாராம். நம்ம பக்கம் பார்த்தீனியம் ஆளுயரம் வளந்து கெடக்கு, காஞ்சா தீப்பிடிச்சி என் கூடாரம் எரிஞ்சிடும்னு சண்டைக்கு வேற வராரு" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "அவ நட்ட மரம். நீங்க ஓட்டிடுவீங்கன்னா ஓட்டுங்க. சங்கராந்தி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள அந்தப் புல்லை வெட்டிட்டீங்கன்னா நான் அவருக்கு இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார்.

அவ்வளவுதான் மிஸ், கேட்டது. புல்லை வெட்ட வேண்டும். பதினொரு கொய்யா, நான்கு சப்போட்டா, நீங்கள் ஒட்டுக்கட்டி வளர்த்து இன்னும் ஒரு காய்கூடக் காய்க்காத அந்த வெண்ணெய்ப்பழ மரம். புல்லை வெட்டினால் இவை நிற்கும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை கிளம்பினேன். உங்கள் கார் இல்லாமல் அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தாபுராவுக்கு ஒரு பஸ், ஆனேக்கலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கடைசியில் நடை. கேட்டைத் திறந்தால் பார்த்தீனியம் என் இடுப்புக்கு நின்றது. காலண்டர் தாளை ஷெட் கதவின் உட்புறத்தில் நான்கு ஆணி அடித்து மாட்டினேன். மெஷினைத் தரையில் வைத்தேன். சத்தமாக ஒவ்வொரு படியாகப் படித்தேன், செய்தேன். கயிற்றை இழுத்தேன்.

கயிறு பூப்போல வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீங்கள் இழுக்கும்போது அது முரண்டு பிடிக்கும், உங்கள் தோள் ஒருமுறை குலுங்கும். எனக்கு அப்படி இல்லை. தோள் வலிகூட இல்லை. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். இருபது முறை இழுத்தேன். முப்பது முறை. இருமல் வரவில்லை. சேலையெல்லாம் பெட்ரோல் தெறித்தது. மெஷின் தலையில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி இருக்கிறதே, அது இரண்டு மூன்று தடவை துள்ளிக் கழன்றது. மூடி சரியாக இல்லை போலிருக்கிறது என்று உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி மூடினேன்.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். ஆயிலின் அளவை மாற்றிப் பார்த்தேன். புதுப் பெட்ரோல் வாங்கிப் போனேன். ஆறாவது படியில் நீங்கள் எழுதியிருந்த "மெதுவாக முதலில், பிறகு வேகமாக" என்பதற்கு எத்தனை விதமாக அர்த்தம் செய்துகொள்ள முடியுமோ அத்தனை விதமாகவும் இழுத்தேன். ஆனேக்கலில் ஒரு மெக்கானிக்கைக் கேட்டேன். மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கே வரமாட்டேன் என்றார். ஆட்டோவில் எடுத்துப் போயிருக்கலாம். எடுத்துப் போகவில்லை. எட்டுப் படிகளை இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதை வைத்து என்னால் செய்ய முடியவில்லை என்று இன்னொருவர் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. தப்பு என் கையில்தான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

பக்கத்துத் தோட்டத்து லட்சுமம்மா வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

"ஏன் டீச்சரம்மா, தெனம் தயிர் கடையற மாதிரி இழுக்கறியே. வெண்ணெ வந்துச்சா?"

"நீயாவது மாட்ட விட்டு மேயவிடேன் லட்சுமம்மா."

"இந்தச் சனியன எம்மாடு மோந்துகூடப் பாக்காது. ஹுல்லா இது, புல்லா? வெசம்."

அவளே ஒருநாள் மனம் கேளாமல் அரிவாளோடு வந்தாள். நானும் ஒரு அரிவாள் எடுத்துக்கொண்டேன். ஒரு பகல் முழுக்க அறுத்ததில் வெண்ணெய்ப்பழ மரத்தைச் சுற்றியும் இரண்டு கொய்யாவைச் சுற்றியும் இடம் தெரிந்தது. மறுவாரம் போனபோது மழை பெய்து, அறுத்த இடத்திலெல்லாம் முழங்கால் உயரம் துளிர்த்திருந்தது. அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

டிசம்பரில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துக் காய ஆரம்பித்தது. ரோஜாக்காரர் அண்ணாவுக்குப் போன்மேல் போன் செய்தார். அண்ணா எனக்குச் செய்தார். "எப்படிப் போகுது டீச்சர்?" என்று கேட்பார். "இந்த வாரம் ஸ்டார்ட் ஆயிடும் அண்ணா" என்பேன். அதுவும் ஒரு அடுத்த வாரம்தான். அவர் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் ஓட்டிவிட வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் ஆசை என்று அந்தக் குரலில் தெரியும். சங்கராந்தி வந்தது. எள்ளும் வெல்லமும் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்தார். அவர் கேட்கும் முன்பே, "என்னால முடியல அண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரிக் கடைசியில் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர் போனார். ஷெட்டில் என் மண்வெட்டியும் கூடையும் இருந்ததால் நானும் கூடப் போனேன். ஒரு ஜேசிபி முதல்நாளே வந்து வேலை ஆரம்பித்திருந்தது. மரங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் இல்லை. வேர் இவ்வளவு நீளம் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ரோஜாக்காரரின் ஆள் ஒருவர் ஷெட்டிலிருந்த சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மெஷினைப் பார்த்ததும், "இது ஓடுமா அண்ணே?" என்று கேட்டார்.

"ஓடாது" என்றார் அண்ணா.

"ஓடும். எனக்குத்தான் ஓட்ட வரல" என்றேன் நான்.

அவர் குந்தி உட்கார்ந்து அந்தக் கறுப்பு ரப்பர் மூடியை விரலால் நெம்பினார். உள்ளே இருந்த ஓட்டையில் ஒரு துணிச்சுருள் அடைத்திருந்தது. அதை உருவினார். உங்கள் மெரூன் ரவிக்கைத் துணியின் வெட்டு, உள்ளே தூசி போகாமல் நீங்கள் அடைத்தது. அவர் என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

"யம்மா, இதுல பிளக்கே இல்லியே! பிளக் இல்லாம என்னாத்த இழுத்த? கயிறு சும்மா பூ மாதிரி வந்திருக்குமே. விளக்குல திரி இல்லாம தீப்பெட்டிய கிழிச்சிக்கிட்டே இருந்தியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த லட்சுமம்மாதான் விளக்கினாள். "அந்தம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போம்போது அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குமே, உனக்குத் தெரியாதா? எவனோ நடுவுல வந்து மெஷின எடுத்து ஓட்டி பிளேடை ஒடச்சிட்டுப் போயிட்டான் ஒருவாட்டி. அதுல இருந்து."

பிளேடு உடைந்தது எனக்கும் நினைவிருக்கிறது. யார் என்று தெரிந்தும் நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. "யாரையும் திட்ட வேணாம் டீச்சர், வேற வழி இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வழி என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அப்போது டீ போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்ன அண்ணா என்றேன். ஒன்றுமில்லை, வெயில் என்றார்.

பதினெட்டாம் நாள், போன சனிக்கிழமை, என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு பழைய கைக்குட்டை முடிச்சை மேசைமேல் வைத்துப் பிரித்தார். இந்தப் பிளக்.

"ஜூன் மாசம் அவ அட்மிட் ஆன வாரம் நான் துணி தொவச்சேன் டீச்சர். வாழ்க்கைல முதல் தடவை. சட்டைப் பையில இது இருந்திச்சி. என் சட்டைதானே, என் ஸ்கூட்டர் பிளக்னு நெனச்சேன். பழைய ஸ்பேர் எப்பவோ வெச்சது போலன்னு. ஸ்கூட்டர் பெட்டியில தூக்கிப் போட்டுட்டேன்." கைக்குட்டையை நாலாக மடித்தார். "அவ உங்களுக்கு அந்தத் தாளை எழுதிக் குடுத்தாளே ஆஸ்பத்திரியில, அன்னிக்கி ஸ்கூட்டரு கீழதான் நின்னுச்சி. மாடியில அவ எழுதறா, கீழ என் பெட்டியில இது கெடக்கு. ஒரு வார்த்தை அவள கேட்டிருக்கலாம். டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்குறவ கிட்டப் போயி ஸ்கூட்டர் பிளக்கப் பத்திப் பேசுறதான்னு விட்டுட்டேன்."

"உங்க மேல தப்பில்ல அண்ணா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு உதவாத வார்த்தை என்று தெரிந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார்.

மிஸ், உங்கள் எட்டுப் படிகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. முதல் படியைத்தான் நீங்கள் எழுதவில்லை. மறந்தீர்கள் என்று சொல்லமாட்டேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் பையில் கைவிட்டுப் பிளக்கை எடுத்து முடுக்குவது உங்களுக்குச் செருப்பைக் கழற்றுவது மாதிரி. யாராவது செருப்பைக் கழற்றுவதைப் படியாக எழுதுவார்களா? நன்றாகத் தெரிந்தவர்களுக்கு வருகிற தப்பு இது. ஆறாம் வகுப்பில் ஒருமுறை கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். தேதி எங்கே, ஊர் எங்கே, விளிப்பு எங்கே, கையெழுத்து எங்கே, எல்லாம் போர்டில் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு பையன் தேதியும் ஊரும் எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்றால், "யாருக்குன்னு நீங்க சொல்லவே இல்ல டீச்சர்" என்கிறான். முப்பது பேரும் யாரோ ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவன்தான் கேட்டான். நான் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்கச் சொல்லி மூன்று வாரம் காத்திருந்தும் கேட்கவில்லை. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் போதும். நீங்கள் பையில் கைவிட்டதைக் கண்ணால் பார்த்திருப்பேன். எழுதாமலே தெரிந்திருக்கும்.

பத்து வருஷக் குத்தகை முடியும்போது எனக்கு எழுபத்தேழு. அந்த மண்ணில் அப்போது எது நிற்கும், பார்க்க யார் இருப்பார்கள் என்றெல்லாம் நான் யோசிப்பதில்லை. மெஷின் அவர்களிடம்தான் இருக்கிறது. புதுப் பிளக் போட்டு அன்றைக்கே ஒரே இழுப்பில் ஓட்டினார் அந்த ஆள். சத்தத்தைக் கேட்டதும் என் கை தானாக டீத்தூள் டப்பாவைத் தேடியது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

ஷெட் கதவிலிருந்து காலண்டர் தாளை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இந்த மேசையில், பிளக்கைப் பேப்பர் வெயிட்டாக வைத்து, அதைப் பிரித்து வைத்திருக்கிறேன். "1" என்று நீங்கள் எழுதியதற்கு மேலே ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. சிவப்பு மைப் பேனாவும் கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நோட்டுகளில் விட்டுப்போனதை மேலே எழுதி அம்புக்குறி போட்டவள் நான். அரை மணி நேரமாக மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னால் எழுத முடியவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகும்போது பிளக்கை ஜெபமாலையோடு கைப்பையின் அதே அறையில் போட்டு ஜிப்பை மூடுவேன். முன்பு நீங்கள் கொண்டுபோவீர்கள். இப்போது நான் கொண்டுபோகிறேன்.